கதவுப் பலகையில் ட்வீட்டர்: துளைப்பதற்கு முன் இடத்தையும் ஆழத்தையும் கிராஸ்ஓவரையும் முடிவு செய்தல்

வளைவுச்சாலை:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது இரண்டு கதவுகளும் இரண்டு இருக்கைகளும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கூப்பே. கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இல்லாத வகை. கதவின் கீழ் முன்மூலையில், ஓட்டுபவரின் முழங்காலுக்கும் கீழே, 165 மி.மீ. ஸ்பீக்கர் ஒன்று மட்டுமே இருக்கிறது. மேல்சுருதி ஒலிக்கென்றே உள்ள சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் தனியாகக் கிடையாது. குரல் காலடியிலிருந்து வருகிறது, சிம்பலின் ஒலி ஏறக்குறைய காணாமலே போகிறது. இந்தக் குறையைத் தீர்க்க 25 மி.மீ. சில்க் டோம் ட்வீட்டர்களும், கீழ், நடுச் சுருதிகளுக்கான 165 மி.மீ. வூஃபர்களும், ஒலியை இவை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும், தனிப் பெட்டியாக வரும் கிராஸ்ஓவர்களும் அடங்கிய காம்பொனென்ட் செட் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். கிராஸ்ஓவர் 3.5 கிலோஹெர்ட்ஸில், ஒரு ஆக்டேவுக்கு (அதிர்வெண் இருமடங்காகும் இடைவெளிக்கு) 12 டெசிபல் சரிவில் ஒலியைப் பிரிக்கிறது. இப்போதைக்கு ஸ்டீரியோவின் சொந்தத் திறனிலேயே இயக்குவேன்; தனி ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) பிறகு சேர்க்கலாம் என்று இருக்கிறேன்.

ட்வீட்டரை வைக்க மூன்று இடங்கள் கண்ணில் படுகின்றன. முதலாவது, கதவுப் பலகையின் மேற்பகுதியில், கதவைத் திறக்கும் கைப்பிடிக்குச் சற்று முன்னால் உள்ள தோல் போர்த்திய பரப்பு. இரண்டாவது, பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடிக்கு உட்புறமாக இருக்கும் முக்கோணப் பிளாஸ்டிக் மூடி. மூன்றாவது, முன்கண்ணாடியை ஒட்டிய ஏ பில்லர். கதவுப் பலகையைத் துளைத்தால் அதை மீட்க முடியாது என்பதால்தான் கையில் துரப்பணத்தை எடுப்பதற்கு முன்பாக இங்கே கேட்கிறேன். இடத்தை எதை வைத்து முடிவு செய்வது, பின்புறம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும், கிராஸ்ஓவர் பெட்டியை எங்கே வைப்பது என்ற மூன்றுக்கும் அனுபவம் உள்ளவர்களின் கருத்து வேண்டும்.

நுண்ணொலி:

இடத்தைப் பற்றி மட்டும் முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் ட்வீட்டரின் விலையும் பெயரும் தருகிற வேறுபாட்டைவிட அது நிற்கும் இடமும் நோக்கும் திசையும் தருகிற வேறுபாடு காருக்குள் மிகப் பெரியது.

உங்கள் குறையின் காரணம் எளிது. 165 மி.மீ. வூஃபரின் கூம்பு உண்மையில் ஏறத்தாழ 13 செ.மீ. விட்டம் கொண்டது. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று கொண்டால், 2.6 கிலோஹெர்ட்ஸில் அலைநீளமும் அதே 13 செ.மீ. அளவுக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேலே போகப் போக அந்தக் கூம்பு ஒலியை எல்லாத் திசைகளிலும் பரப்பாமல் நேர் எதிரே மட்டும் குவித்து அனுப்பத் தொடங்குகிறது. உங்கள் காரில் அதன் நேர் எதிரே இருப்பது அடுத்த இருக்கையில் அமர்ந்தவரின் கணுக்கால். ஆகவே மேல்சுருதி ஒலி உங்கள் செவிக்கு வந்து சேரவே இல்லை. ஸ்டீரியோவில் டிரெபிளை ஏற்றினாலும் பெரிதாகப் பயன் இருக்காது.

25 மி.மீ. டோமுக்கு இதே எல்லை ஏறத்தாழ 13.7 கிலோஹெர்ட்ஸில்தான் வருகிறது. ஆகவே அதை நேராகச் செவியை நோக்கித் திருப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஸ்போர்ட்ஸ் காரின் குறுகலான அறையில் ஓட்டுபவரின் பக்கத்து ட்வீட்டர் மிக அருகிலும் மறுபக்கத்து ட்வீட்டர் ஏறக்குறைய இருமடங்கு தூரத்திலும் இருப்பதால், அருகில் இருப்பதைச் செவியிலிருந்து விலக்கித் திருப்பினால் அதன் மிகுதி குறையும். ஏறத்தாழ 1,500 ஹெர்ட்ஸுக்கு மேல், ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை முக்கியமாக இரு செவிகளுக்கும் இடையிலான அளவு வேறுபாட்டை வைத்தே அறிகிறது. ரேலி பிரபு 1907-இல் விளக்கிய கோட்பாட்டின் ஒரு பாதி இது. ட்வீட்டர் இயங்கும் எல்லை முழுவதும் அந்தப் பகுதிக்குள்தான் வருகிறது. அருகிலுள்ள ட்வீட்டர் ஓங்கி ஒலித்தால், இசை முழுவதும் உங்கள் பக்கத்துக் கதவில் ஒட்டிக்கொள்வதற்கு இதுவே காரணம்.

என் தேர்வு முக்கோணம். உயரம் கிடைக்கிறது, முன்கண்ணாடியின் எதிரொலி ஏ பில்லரில் உள்ள அளவுக்குத் தொல்லை தருவதில்லை, கதவுப் பலகையும் முழுதாக இருக்கும்.

கதவும்கண்ணாடியும்:

கார்களின் உட்புற வேலை செய்பவன் என்ற முறையில் கதவைப் பற்றிச் சொல்கிறேன்.

சட்டம் இல்லாத கதவுகளில் கைப்பிடியை இழுத்தவுடன் கண்ணாடி சற்றே கீழே இறங்கி, கதவு மூடியதும் மீண்டும் ஏறி ரப்பருக்குள் அமர்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டால் இந்த இறக்கம் நடக்காது. அந்த நிலையில் கதவை மூடினால் கண்ணாடி ரப்பரின் மீதும் அலங்காரப் பட்டையின் மீதும் மோதும். எனவே வேலையைத் தொடங்கும் முன் இரண்டு கண்ணாடிகளையும் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். மீண்டும் இணைத்த பிறகு பல கார்களில் கண்ணாடி தன் எல்லைகளை மறந்திருக்கும். சுவிட்சை மேல்நோக்கிச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டு அதை மறுபடியும் பழக்க வேண்டியிருக்கும். அந்த முறை உங்கள் காரின் கையேட்டில் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றுவதற்கு இன்னொரு காரணம் ஏர்பேக். பெரும்பாலான கார்களில் பக்க ஏர்பேக் இருக்கையின் விளிம்பில் இருக்கும் என்றாலும், போர்ஷே 911 போன்ற சில ஸ்போர்ட்ஸ் கார்களில் தலையைக் காக்கும் ஏர்பேக் கதவுப் பலகைக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அத்தகைய பலகையின் மேற்பகுதியில் துளையிடும் பேச்சுக்கே இடமில்லை. ஏர்பேக் விரிந்து வெளியே வரும் பாதையில் இறுக்கிய ஒரு ட்வீட்டர், விபத்தின்போது முகத்தை நோக்கி வரும் பொருளாகிவிடும். ஏர்பேக் இணைப்புகள் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றில் மல்டிமீட்டரை வைத்துச் சோதிக்கவே கூடாது. கதவுக்குள் ஏற்படும் காற்றழுத்த மாற்றத்தைக் கொண்டு பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் சில கார்களின் கதவுக்குள் இருக்கிறது. கதவின் உட்புற இரும்புத் தகட்டில் புதிதாகப் பெரிய ஓட்டை போடுவதும், இருக்கும் அடைப்பைத் திறந்து விடுவதும் அந்தச் சென்சாரின் கணக்கைக் கெடுக்கும். எனவே உங்கள் துளை பிளாஸ்டிக் பலகையோடு நிற்க வேண்டும், தகட்டைத் தொடக் கூடாது.

ஆழத்தை அளக்க நான் செய்யும் வழி இது. பலகையைக் கழற்றியதும், ட்வீட்டர் வரப்போகும் இடத்தின் பின்புறத்தில், குழந்தைகள் உருவம் செய்யும் மெழுகுக் களிமண்ணில் ஓர் உருண்டையை ஒட்டி, பலகையை அதன் இடத்தில் வைத்து எல்லாக் கிளிப்புகளும் அமரும்படி அழுத்திவிட்டு மறுபடியும் கழற்ற வேண்டும். நசுங்கிய களிமண்ணின் தடிப்பே அங்கே உண்மையில் உள்ள இடைவெளி. அந்தக் களிமண்ணில் தகட்டின் விளிம்போ வயர்க் கட்டின் தடமோ பதிந்திருந்தால், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அளவுகோலை உள்ளே விட்டு ஊகிப்பதைவிட இது நம்பகமானது. ட்வீட்டரின் ஆழத்தோடு பின்னால் வரும் வயர் வளைவதற்கான இடத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பலர் காந்தத்தை மட்டும் அளந்துவிட்டு வயரை மறந்துவிடுகிறார்கள். தகட்டில் திறப்பு இருக்கும் இடத்துக்கு நேராக ட்வீட்டர் வருமானால், கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிவைத்து அது உரசாமல் செல்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

முக்கோணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சில கார்களில் அதன் பின்னால் பக்கக் கண்ணாடியைத் தாங்கும் நட்டுகளும் அதன் வயர்க் கட்டும் நெருக்கமாக அடைந்திருக்கும். மூடியை மெதுவாக நெம்பிக் கழற்றிப் பார்க்காமல் அந்த இடம் கிடைக்கும் என்று முடிவு செய்ய வேண்டாம்.

திறந்தகூரை:

நுண்ணொலி அவர்களின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அவர் வந்து சேரும் முடிவை நான் ஏற்கவில்லை.

நான் ஓட்டுவது கூரை மடங்கும் இரு இருக்கைக் கார். ட்வீட்டரை முக்கோணத்திலும் கேட்டிருக்கிறேன், கதவுப் பலகையின் மேற்பகுதியிலும் கேட்டிருக்கிறேன். முக்கோணத்தில் இருந்தபோது சிம்பல் கண்மட்டத்திலும் அதே இசைக்கருவியின் கீழ்ப்பகுதி முழங்காலிலுமாகப் பிரிந்து கேட்டது. 3.5 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 10 செ.மீட்டருக்கும் சற்றே குறைவு. வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் இடையே 60 செ.மீ. இருந்தால் அது ஆறு அலைநீளத் தூரம். அவை இரண்டும் ஒரே ஒலியைப் பகிர்ந்துகொள்ளும் எல்லையில், தலையைச் சற்றே அசைத்தாலும் ஒலியின் தன்மை மாறுகிறது. கதவுப் பலகையில் வைத்தால் இந்தத் தூரம் பாதியாகக் குறையும். இசை சற்றுத் தாழ்வாகத் தோன்றும் என்பது உண்மை, ஆனால் குரல் ஒரே வாயிலிருந்து வருவதாகத் தோன்றும். எனக்கு உயரத்தைவிட அந்த ஒருமை முக்கியம்.

காற்றையும் டயரையும் பற்றி ஒரு சொல். கூரையைத் திறந்து ஓட்டும்போது இசையை மூழ்கடிப்பது பெரும்பாலும் கீழ்ச்சுருதிக் காற்றிரைச்சலும், ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டி உச்சம் பெறும் டயர் இரைச்சலும்தான். இரண்டும் ட்வீட்டரின் எல்லைக்குக் கீழே உள்ளவை. ட்வீட்டர் போட்டால் வேகமாகப் போகும்போதும் எல்லாம் தெளிவாகக் கேட்கும் என்று எதிர்பார்த்து, அது நடக்காதபோது ட்வீட்டரின் அளவை ஏற்றிக்கொண்டே போவது செவியைத்தான் களைப்பாக்கும். 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மனிதச் செவி மிகக் கூர்மையானது என்பதால் அங்கே சிறிது மிகுந்தாலும் உறுத்தும்.

நுண்ணொலி:

நீங்கள் சொல்லும் ஒருமையை நான் மதிக்கிறேன். நீங்கள் சுட்டிய ஆறு அலைநீளச் சிக்கலும் உண்மையானதே. கிராஸ்ஓவர் பெட்டி மட்டும் உள்ள அமைப்பில் உங்கள் தேர்வுக்கு வலு கூடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தப் பெட்டியால் ஒலியைத் தாமதப்படுத்த முடியாது.

ஆம்ப்புடன் டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டல் முறையில் திருத்தும் கருவி) சேரும்போதுதான் நிலைமை மாறுகிறது. ஓட்டுபவரின் செவியிலிருந்து அருகிலுள்ள ட்வீட்டர் 70 செ.மீ., மறுபக்கத்தது 130 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 60 செ.மீ. வேறுபாடு ஏறத்தாழ 1.75 மில்லிநொடிக்குச் சமம். அருகில் இருப்பதை அவ்வளவு தாமதப்படுத்தி அளவையும் சில டெசிபல் குறைத்துவிட்டால், இசை காரின் நடுவுக்கு நகர்கிறது. வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் இடையிலான நேர வேறுபாட்டையும் அதே வழியில் சரிசெய்யலாம், ஓர் இருக்கைக்கு மட்டும். அடுத்த இருக்கையில் இருப்பவருக்கு அது கெட்டுப்போகும். ஸ்போர்ட்ஸ் காரைப் பெரும்பாலும் தனியே ஓட்டுபவர்கள் இந்த விலையை மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள்.

ஏ பில்லரை நான் ஒதுக்குவதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியைவிட 10 செ.மீ. கூடுதலாகப் பயணித்தால், 1.7 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் மறுபடியும் 5.1 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் இரண்டும் ஒன்றையொன்று அழிக்க முற்படும். இதில் 5.1 ட்வீட்டரின் எல்லைக்கு உள்ளே விழுகிறது. இப்படி விழும் பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்ப முடியாது. எவ்வளவு ஏற்றினாலும் எதிரொலியும் கூடவே ஏறுகிறது.

மின்வழி:

இடத்தைப் பற்றிய விவாதம் நன்றாகப் போகிறது. இணைப்பைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை, ஆனால் ட்வீட்டர் எரிவது அங்கேதான்.

முதலில், காரில் ஏற்கெனவே நிறுவனத்தின் ஆம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கதவுக்கு வரும் வயரில் முழு ஒலியும் வராமல், ஏற்கெனவே மேல்சுருதி வடிகட்டப்பட்ட ஒலி மட்டும் வரலாம். அந்த வயரிலிருந்து ட்வீட்டருக்கு இணைப்பு எடுத்தால் அது ஏறக்குறைய ஊமையாக இருக்கும். ட்வீட்டர் பழுது என்று நினைத்து அதை மாற்றுபவர்களும் உண்டு. உங்கள் காரில் ஒற்றை ஸ்பீக்கர் மட்டும் இருப்பதால் முழு ஒலியும் வரும் வாய்ப்பு அதிகம், ஆனாலும் புதிய ட்வீட்டரை அதன் கிராஸ்ஓவர் வழியாகத் தற்காலிகமாக இணைத்துக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, ஸ்டீரியோவின் பெட்டியில் 50 வாட் என்று அச்சிட்டிருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். காரின் மின்சாரம் 14.4 வோல்ட் என்றால், மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இல்லாத ஸ்டீரியோவிலிருந்து 4 ஓம் சுமையில் சிதையாமல் கிடைக்கக்கூடிய கோட்பாட்டளவிலான உச்சமே 26 வாட்டுக்குக் குறைவு. நடைமுறையில் 20 வாட் அளவுதான். அதற்கு மேலே ஒலியை ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, அதனால் மேல்சுருதிப் பகுதிக்குச் செல்லும் சராசரி ஆற்றல் கூடுகிறது. அந்த ஆற்றல் முழுவதும் போய்ச் சேருவது ட்வீட்டரின் மெல்லிய கம்பிச் சுருளில்.

மூன்றாவது, ஸ்டீரியோவிலிருந்து வரும் ஸ்பீக்கர் வயர்கள் இரண்டிலுமே மின்னழுத்தம் உண்டு. எதிர்முனை வயரைக் காரின் உடலோடு இணைத்தால் ஸ்டீரியோவின் வெளியீட்டுச் சுற்றுக்கே சேதம் வரும். ட்வீட்டரின் எதிர்முனையை அருகில் கிடைக்கும் ஏதோவொரு போல்ட்டில் முடுக்கிவிடும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான்காவது, ஒற்றை மின்தேக்கியோடு விற்கப்படும் தனி ட்வீட்டர்களைப் பற்றி இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. 4 ஓம் ட்வீட்டரில் 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஏறத்தாழ 8.5 கிலோஹெர்ட்ஸிலும், 10 மைக்ரோஃபாரட் ஏறத்தாழ 4 கிலோஹெர்ட்ஸிலும் பிரிக்கிறது. சரிவோ ஒரு ஆக்டேவுக்கு வெறும் 6 டெசிபல். ஒரே அளவு ஒலியைத் தர, ஒவ்வொரு ஆக்டேவ் கீழே இறங்கும்போதும் டோம் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். அதனால்தான் மெதுவான சரிவில் தாழ்வாகப் பிரித்தால் டோம் தன் எல்லையை மீறி உதறுகிறது. ட்வீட்டரின் ஒத்ததிர்வு எண் (அது இயல்பாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்) 1.2 கிலோஹெர்ட்ஸ் என்றால், 12 டெசிபல் சரிவிலும் அதன் இருமடங்குக்குக் கீழே பிரிக்காமல் இருப்பது நல்லது. உங்கள் செட்டின் 3.5 கிலோஹெர்ட்ஸ் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது. மின்தேக்கியை மாற்ற நேர்ந்தால் முனைக் குறியில்லாத பிலிம் வகையையே வாங்குங்கள்.

கிராஸ்ஓவர் பெட்டியைக் கதவுக்குள் வைத்தால், கதவுக்கும் காருக்கும் இடையே உள்ள ரப்பர்க் குழாயின் வழியாகப் புதிய வயர் இழுக்க வேண்டியதில்லை. பழைய ஸ்பீக்கர் வயரையே பெட்டிக்குக் கொடுத்து, அங்கிருந்து வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துவிடலாம். ஆனால் கதவுக்குள் மழைநீர் இறங்கும். பெட்டியைத் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் வைக்காமல், நீர்தடுப்பு பிளாஸ்டிக் தாளுக்கு உட்புறமாக, அதாவது பலகையின் பக்கமாக வைக்க வேண்டும். இடம் போதவில்லையென்றால் கால்வைக்கும் பகுதியின் பக்க மூடிக்குப் பின்னால் வைத்து, ரப்பர்க் குழாய் வழியாக ஒவ்வொரு கதவுக்கும் கூடுதலாக ஒரு ஜோடி வயரைக் கொண்டுவரலாம். இது பிற்காலத்தில் டி.எஸ்.பி. சேர்க்கும்போதும் உதவும். சில கார்களில் அந்த இடத்தில் குழாய்க்குப் பதிலாகப் பெரிய பிளக் இருக்கும். அப்போது பெட்டியைக் கதவில் வைப்பதே அறிவு.

வளைவுச்சாலை:

மூவரும் நால்வருமாக இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. பலகைகளைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். கதவுக்குள் ஏர்பேக் இல்லை. அது இருக்கையில்தான் இருக்கிறது. முக்கோண மூடியின் பின்னால், கதவும்கண்ணாடியும் அவர்கள் எச்சரித்தபடியே, நட்டுகளும் வயர்க் கட்டும் நிறைந்திருக்கின்றன. ட்வீட்டரின் காந்தம் உள்ளே போக வழியே இல்லை. மேற்பரப்பில் கிண்ணம் வைத்துப் பொருத்தினால் அது பக்கக் கண்ணாடியைப் பார்க்கும் பார்வையின் ஓரத்தில் துருத்துகிறது. வளைவான சாலையில் அது எனக்கு ஏற்புடையதல்ல.

ஆகவே துளையிடும் முன் ட்வீட்டர்களை அவற்றோடு வந்த கிண்ணங்களில் வைத்து, காகித டேப்பால் கதவுப் பலகையின் மேற்பகுதியில் தற்காலிகமாக ஒட்டி, கிராஸ்ஓவரைக் கால்வைக்கும் இடத்தில் கிடத்தி, நிறுத்திய காரில் கேட்டேன். கைப்பிடிக்கு அருகில் வைத்தபோது என் தொடையும் முழங்கையும் ஒலியை மறைத்தன. ஓர் உள்ளங்கை அகலம் முன்னே, பலகையின் மேல் விளிம்புக்குக் கீழே நகர்த்தியபோது ஸ்டியரிங்கைப் பிடித்த நிலையிலும் தடை நீங்கியது. ட்வீட்டரை எதிர் இருக்கையின் தலைசாய்ப்பை நோக்கித் திருப்பியபோது குரல் டாஷ்போர்டின் மட்டத்துக்கு ஏறி வந்தது. திறந்தகூரை அவர்கள் சொன்ன ஒருமையும் கேட்டது. அந்த இடத்தில் களிமண் 31 மி.மீ. காட்டுகிறது, ட்வீட்டரும் வயரும் சேர்ந்து 24 மி.மீ. வேண்டும். பின்னால் தகடு முழுமையாக இருக்கிறது, திறப்பு இல்லை.

இப்போது என் அச்சமெல்லாம் தோலைப் பற்றியது. தோல், அதன் அடியில் மெல்லிய ஃபோம், அதன் அடியில் பிளாஸ்டிக் என்று மூன்று அடுக்காக இருக்கிறது. இதை எப்படிக் கிழியாமல் துளைப்பது?

கதவும்கண்ணாடியும்:

தோல் மீது துரப்பணத்தின் பல் படவே கூடாது என்பதுதான் இதில் முழு இரகசியமும். வட்ட ரம்பம் தோலையோ அதன் அடியிலுள்ள துணியையோ தொட்டால், ஓர் இழையைப் பற்றிச் சுழற்றி, துளைக்கு வெளியே உள்ள பரப்பையும் சுருக்கி இழுத்துவிடும். அந்தச் சுருக்கத்தை எந்த வளையமும் மறைக்காது.

பலகையைப் போர்வை விரித்த மேசையில் முகம் மேலாக வைத்து, துளைக்கும் இடத்தில் காகித டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, ட்வீட்டர் வளையத்தோடு வந்த வார்ப்புத் தாளை அதன் மேல் வைத்து வரையுங்கள். வரைந்த வட்டத்தைவிட 2 மி.மீ. உள்ளே தள்ளிப் புதிய பிளேடால் தோலையும் ஃபோமையும் பிளாஸ்டிக் வரை செங்குத்தாக வெட்டி, வட்டமான துண்டை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். வட்டத்தின் நடுவில் 3 மி.மீ. வழிகாட்டித் துளை ஒன்று இட்டபின் பலகையைத் திருப்பிப் போட்டு, பிளாஸ்டிக்கைப் பின்புறத்திலிருந்து வட்ட ரம்பத்தால் அறுக்க வேண்டும். ரம்பத்தின் அளவு தோலில் வெட்டிய வட்டத்தைவிடச் சற்றே சிறியதாக இருக்கட்டும். அப்போதுதான் ரம்பம் வெளியே வரும்போது தோலின் விளிம்பைத் தொடாது. மீதியை அரத்தால் தேய்த்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

வேகம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். வேகமாகச் சுழற்றினால் பிளாஸ்டிக் அறுபடாமல் உருகி, ரம்பத்தின் பல்லில் சுற்றிக்கொண்டு, குளிர்ந்ததும் கட்டியாக இறுகும். மெல்லிய சுருளாகத் தூள் விழுகிறது என்றால் சரியான வேகம். சரமாக இழுபட்டு வந்தால் உடனே நிறுத்தி ஆறவிடுங்கள்.

ட்வீட்டரின் பின்புறம் பெரும்பாலும் தானே மூடிய அறையாக இருக்கும் என்பதால் அதற்குத் தனிப் பெட்டி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதை ஹாட் குளூவை நம்பிப் பொருத்தாதீர்கள். மூடிய கார் வெயிலில் நிற்கும்போது கதவின் மேற்பரப்பு அடையும் சூட்டில் அது இளகி, ஓங்கிக் கதவைச் சாத்தும் ஒரு நாளில் ட்வீட்டர் உள்ளே விழும். செட்டோடு வரும் பின்வளையத்தையும் திருகையும் பயன்படுத்துங்கள்.

நீர்தடுப்புத் தாளைப் பற்றி மின்வழி அவர்கள் தொட்டுச் சென்றதை நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கதவு வேலைகளில் மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவது அதுதான். கண்ணாடியின் வழியே வழியும் நீர் கதவின் உள்ளே இறங்கி அடிப்பகுதியிலுள்ள வடிகால் துளைகளால் வெளியேற வேண்டும். அதுவரை அது உட்புறத்துக்கு வராமல் காப்பது பியூட்டைல் பசையால் ஒட்டிய அந்தத் தாள் மட்டுமே. வூஃபரை மாற்றும்போது தாளைக் கிழித்துவிட்டால் நீர் தரைவிரிப்பின் அடியில் சேரும், கண்ணாடிகள் உட்புறம் மூடுபனி பிடிக்கும், சில கார்களில் தரைவிரிப்பின் அடியில் உள்ள மின்னணுப் பெட்டிகளும் நனையும். தாளை உரிக்கும்போது பசையைப் பிளேடால் அறுத்துப் பிரியுங்கள், கையால் இழுக்காதீர்கள். பழைய பசை காய்ந்திருந்தால் புதிய பியூட்டைல் பட்டையை ஒட்டுங்கள்.

உடையும் கிளிப்புகளுக்காக ஒரு பை உதிரிக் கிளிப் முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். கிளிப் ஒன்று தளர்ந்திருந்தாலும் புதிய வூஃபரின் அதிர்வில் பலகை முழுவதும் சலசலக்கும்.

வளைவுச்சாலை:

துளை சுத்தமாக வந்துவிட்டது. பிளேடால் முதலில் தோலை எடுத்ததுதான் காப்பாற்றியது. வளையம் தோலின் விளிம்பை முழுவதும் மூடி அமர்ந்திருக்கிறது. கிராஸ்ஓவர் பெட்டி, தாளுக்கு உட்புறம், பலகையின் கீழ்ப்பையின் பின்னால் நன்றாக அடங்கிவிட்டது. இணைப்புகளை எல்லாம் கிரிம்ப் செய்து (உலோக முனையை நசுக்கி இறுக்கி), வயரைத் துணி டேப்பால் சுற்றியிருக்கிறேன்.

இப்போது கேட்கும்போது இரண்டு விஷயங்கள் தெளிவாகவில்லை. ட்வீட்டர் சற்று ஓங்கி ஒலிப்பதாகத் தோன்றுகிறது. கிராஸ்ஓவரில் ட்வீட்டரின் அளவுக்கு 0, -3 டெசிபல் என்று இரண்டு நிலைகள் இருக்கின்றன, இப்போது 0-வில் இருக்கிறது. மேலும், பெண்குரலின் மேல்ஸ்தாயியில் ஓரிடத்தில் மட்டும் ஒலி மெலிந்து பள்ளம் விழுவதுபோல் கேட்கிறது.

மின்வழி:

அந்தப் பள்ளம், ட்வீட்டரின் நேர், எதிர் முனைகளை மாற்றி இணைத்துச் சோதிக்க வேண்டும் என்பதன் அறிகுறி. 12 டெசிபல் சரிவுள்ள கிராஸ்ஓவரில் பிரியும் இடத்தில் வூஃபரின் ஒலியும் ட்வீட்டரின் ஒலியும் ஒன்றுக்கொன்று 180 பாகை விலகி நிற்கின்றன. அதனால்தான் அத்தகைய சுற்றுகளில் ட்வீட்டரின் முனைகளை வேண்டுமென்றே மாற்றி இணைப்பது வழக்கம். சில செட்டுகளில் அந்த மாற்றத்தைப் பெட்டிக்குள்ளேயே செய்துவிடுவார்கள். ஆனால் காரில் ஸ்பீக்கர்களுக்கு இடையிலான தூரமும் இதில் கலந்துகொள்வதால் காகிதக் கணக்கு அப்படியே பலிக்காது. ஆகவே இரண்டு பக்க ட்வீட்டர்களின் முனைகளையும் ஒருசேர மாற்றிப் பாருங்கள். எது 3.5 கிலோஹெர்ட்ஸ் பகுதியை நிரப்புகிறதோ அதுவே உங்கள் காருக்குச் சரி. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் இரு ட்வீட்டர்களும் ஒன்றுக்கொன்று எதிராக இயங்கும். குரல் நடுவில் நிற்காமல் பரவிப்போகும். அப்படிக் கேட்டால் முதலில் இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நுண்ணொலி:

முனையை முடிவு செய்த பிறகே அளவை மாற்றுங்கள். ஏனென்றால் பள்ளம் இருக்கும்போது அதைச் சுற்றியுள்ள பகுதி ஓங்கி ஒலிப்பதாகச் செவி தவறாகக் கொள்ளும். முனையைச் சரிசெய்தும் உறுத்தல் இருந்தால் -3 நிலைக்குப் போங்கள். ட்வீட்டர் கதவில் செவிக்கு அருகில் இருப்பதாலும் வூஃபர் காலடியில் இருப்பதாலும் பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களில் -3 தான் பொருந்துகிறது.

பிங்க் நாய்ஸை (ஒவ்வொரு ஆக்டேவிலும் சம ஆற்றல் கொண்ட சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, தலை இருக்கும் இடத்தில் கைப்பேசியைப் பிடித்து, அலைமாலை காட்டும் செயலியில் இரண்டு நிலைகளையும் ஒப்பிடலாம். கைப்பேசியின் மைக் துல்லியமான அளவுகோல் அல்ல என்றாலும், ஒரே மைக் ஒரே இடத்தில் இருக்கும்போது முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேறுபாட்டை நம்பகமாகக் காட்டும். மூன்றிலொரு ஆக்டேவ் சராசரியில் பாருங்கள். அதைவிட நுண்ணிய கோடுகள் காரின் எதிரொலிகளால் மேலும் கீழுமாகத் துள்ளிக் குழப்பும்.

வளைவுச்சாலை:

இரு பக்க முனைகளையும் மாற்றியதும் பள்ளம் நிரம்பிவிட்டது. கைப்பேசித் திரையிலும் 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான தாழ்வு மறைந்தது. அதன் பிறகு -3 நிலைக்கு மாற்றினேன். இப்போது சிம்பல் தனியாகத் துருத்தாமல் டிரம்ஸோடு சேர்ந்து கேட்கிறது, குரல் ஸ்டியரிங்குக்கு மேலே நிற்கிறது. என் பக்கத்துக்குச் சற்றே சாய்ந்திருக்கிறது; அதை ஆம்ப்பும் டி.எஸ்.பி.யும் வரும்போது பார்த்துக்கொள்கிறேன், அதுவரை பாலன்ஸை ஒரு படி மறுபக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன். கண்ணாடியும் கையேட்டில் உள்ள முறைப்படி தன் எல்லைகளை மீண்டும் பழகி, கதவைத் திறக்கும்போது சரியாக இறங்குகிறது.

திறந்தகூரை:

பலகையை இறுதியாக அமர்த்தும் முன், வூஃபரைச் சுற்றியுள்ள தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டிவிடுங்கள்; ட்வீட்டர் தெளிவாக ஒலிக்கத் தொடங்கியதும் முன்பு கேட்காமல் இருந்த தகட்டுச் சலசலப்பும் தெளிவாகக் கேட்கும். வடிகால் துளைகளை மட்டும் ஷீட்டால் மூடிவிட வேண்டாம்.